மைனர், வயது பதினேழு

போன வருடம் தை மாதம், சம்பா அறுப்புக்கு நாங்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஊரில் அம்மாவுக்கு இருக்கும் முக்கால் ஏக்கரும் தண்ணீரில் படுத்துவிட்டது. நான் கும்பகோணத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்மாவுக்கு ஒரே பெண். அப்பா போய்ப் பல வருடமாகிறது. எண்பத்து நாலு வயதாகியும் அம்மா அந்த நிலத்தை விட்டுவிட்டு என்னோடு வந்து இருக்கச் சம்மதித்ததில்லை. அதனால் மழை விட்டதும் நான்தான் பஸ் ஏறினேன்.

பயிர்ச் சேதம் எழுத வந்த கிராம நிர்வாக அலுவலர் சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. வரப்பில் நின்றபடியே செல்போனில் சர்வே நம்பரைத் தட்டிப் பார்த்தார்.

"பட்டா உங்க பேர்ல இல்லையேம்மா. வேற ஒரு பேர் காட்டுது."

படித்தார். ஓர் ஆணின் பெயர். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என் தாத்தாவின் பெயர் இருந்தது.

"உங்க தாத்தாவுக்கு ஆம்பளப் புள்ள இருந்தாங்களா மேடம்?"

"இல்லையே. அம்மா ஒரே பொண்ணு" என்றேன். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா சாய்ந்த பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியாது" என்றாள். "அது யாருன்னு எனக்குத் தெரியாதுங்க."

இத்தனை காலமும் சாகுபடிக் கணக்கில் அம்மா பெயரைப் பழக்கத்திலேயே எழுதிவந்திருக்கிறார்கள். யாரும் பட்டாவை எடுத்துப் பார்க்கவில்லை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. கிரயப் பத்திரத்தைத் தேடி எடுத்துவரச் சொல்லிவிட்டு அவர் அடுத்த வயலுக்குப் போனார்.

பத்திரம் தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்தது. மலேயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பிய வருடம் தாத்தா வாங்கிய நிலம் அது. எங்கள் தெருவில் எல்லோரும் மிராசுதார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். சொந்தமாக நிலம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். பத்திரத்தின் எழுத்து கிறுக்கலாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தேன். கிரயம் பெறுபவர் பெயர் அதே பெயர். அதற்குக் கீழே, 'மேற்படியார் மைனர், வயது பதினேழு. மைனருக்குக் கார்டியன் தகப்பனார்' என்று எழுதித் தாத்தாவின் கைரேகை வைத்திருந்தது.

"அம்மா, இது யாரு?"

"பொட்டியில வையி" என்றாள். இரவு அவள் சாப்பிடவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

என் மனதில் ஓடியதெல்லாம் வேறு. தாத்தாவுக்கு அக்கரையில் இன்னொரு குடும்பம் இருந்திருக்கும் என்று நினைத்தேன். எனக்குக் காது குத்தியபோது மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் இல்லை. தாத்தாவே தன் மடியில் வைத்துக்கொண்டார். மாமன் மடிதான் முறை என்று யாரோ சொன்னபோது, அவர் என்னை இறக்கிவிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார் என்றும், ஆசாரி ஊசியோடு காத்திருந்தார் என்றும் அப்பா சொல்லிச் சிரித்திருக்கிறார். அம்மா அந்தக் கதைக்கு ஒருநாளும் சிரித்ததில்லை.

மறுநாள் வெயில் வந்தது. தண்ணீர் வடிந்ததும் அறுத்து, மிஞ்சின நெல்லை எல்லோரையும் போலத் தார் ரோட்டில் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டோம். பாதி நெல் முளைவிட்டிருந்தது. அம்மா நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்துக் கிளறிக்கொண்டே நடந்தாள். நான் ரோட்டோரம் குடையோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை திரும்பி வரும்போது நின்றாள்.

"அது ஒங்க மாமா" என்றாள். "எங்கண்ணன். கூடப் பொறந்தவன்."

அன்று பகல் முழுக்கச் சொன்னாள். பஸ் வந்தால் பேச்சை நிறுத்தினாள். பஸ் போனபின், விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அவள் சொன்னதை எனக்குத் தெரிந்தவரை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தாத்தாவும் அவருடைய சிநேகிதர் ஒருவரும் நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறியவர்கள். ஒரே தோட்டத்துக்குப் போனார்கள். சிநேகிதர் கெட்டிக்காரர். சில வருடத்தில் கங்காணி ஆனார், ஆட்களை வேலை வாங்கும் உத்தியோகம். தாத்தா பால் வெட்டும் தொழிலாளியாகவே இருந்தார். மாமாவும் அம்மாவும் அங்கேதான் பிறந்தார்கள். கங்காணிக்கும் அம்மா வயதில் ஒரு பெண் இருந்தாள். இரண்டு பெண்களும் எப்போதும் ஒன்றாகவே திரிவார்கள். மாமா அம்மாவைவிட எட்டு வயது பெரியவர். தோளுக்கு ஒருத்தியாக இருவரையும் தூக்கிக்கொண்டு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போவாராம்.

ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்தபின் தோட்டங்களில் சங்கம் வந்தது. கூலி கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. மாமா சங்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்தார். பிறகு வெள்ளைக்காரனை விரட்ட வேண்டும் என்று ஒரு கூட்டம் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனது. அதில் சீனர்கள்தான் அதிகம். தமிழர்களும் இருந்தார்கள். தோட்டத்து ஜனங்கள் அவர்களைக் 'காட்டுக்காரங்க' என்பார்கள். தோட்டங்களைக் காவல் காக்க அரசாங்கம் தொழிலாளிகளிலிருந்தே ஆள் எடுத்து, காக்கி உடையும் துப்பாக்கியும் கொடுத்தது. கங்காணி சிபாரிசு செய்து தாத்தாவை அந்தக் காவலில் சேர்த்துவிட்டார்.

தாத்தா துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்த அன்று மாமா கேட்டாராம்.

"யாரச் சுடறதுக்கு இது?"

"ஒனக்குச் சோறு போடறதுக்குடா."

"எனக்கு அந்தச் சோறு வேணாம்."

சண்டை என்று அம்மாவுக்கு நினைவிருப்பது அந்த மூன்று வரிதான். ஒருவாரம் கழித்துச் சங்கத்துப் பிள்ளைகளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பெயர்களைக் கொடுத்தது கங்காணி என்று எல்லோருக்கும் தெரியும். தன் சிநேகிதரான தாத்தாவின் மகன் பெயரை மட்டும் அவர் கொடுக்கவில்லை. அதுவும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மறுநாள் மாமா வேலைக்கு வரவில்லை. வீட்டிலும் இல்லை.

"பையன் சிங்கப்பூர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிட்டான் தொரை" என்று தாத்தா தோட்டத்துத் துரையிடம் சொன்னார். காட்டுக்குப் போனவனின் குடும்பம் என்று தெரிந்தால் முள்வேலி முகாமில் அடைத்துவிடுவார்கள், அல்லது கப்பலேற்றி விடுவார்கள். கங்காணியும் தலையசைத்து அந்தப் பொய்யை உறுதிப்படுத்தினார்.

சில மாதம் போனது. ஒருநாள் விடியற்காலையில், வேலைக்குப் போகுமுன் எல்லோரும் பெயர் கொடுக்கக் கூடும் நேரத்தில், ஏழெட்டுப் பேர் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தார்கள். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். கங்காணியைப் பெயர் சொல்லி வெளியே கூப்பிட்டார்கள். அவரை ஒரு ரப்பர் மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். ஒருவன் காகிதத்தைப் பிரித்துத் தமிழில் வாசித்தான். இன்னின்ன தொழிலாளிகளைக் காட்டிக்கொடுத்தது, இன்னாருக்குச் சிறை, இன்னார் போலீசில் அடிபட்டுச் செத்தது. கடைசியில், இதற்குத் தண்டனை என்று வாசித்தான்.

"அந்தக் கொரல் எங்கண்ணன் கொரல்" என்றாள் அம்மா. "நான் கண்ணு தெறக்கறதுக்கு முன்னாலேந்து கேட்ட கொரல். என் பக்கத்துல அவ நிக்கிறா. அவளயும் தூக்கிட்டுத் திரிஞ்சவன்தான. அவளுக்குந் தெரியும். 'அப்பா, அப்பா'ன்னு ஒரு சத்தம்தான் போட்டா. அவங்கம்மா வாயப் பொத்திட்டாங்க."

துப்பாக்கிக் குண்டை வீணாக்க மாட்டார்களாம். கத்திதான். அம்மா அதைச் சொல்லவில்லை, கையை மட்டும் ஒருதரம் அசைத்துக் காட்டினாள்.

தாத்தா தோட்டத்து வாசலில் காவலில் இருந்தார். கையில் துப்பாக்கி இருந்தது. அவரும் அந்தக் குரலைக் கேட்டார். அவர் சுடவில்லை. தன் மகனைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிய சிநேகிதர், ஐம்பது தப்படி தூரத்தில் மரத்தில் கட்டப்பட்டுத் தன் பெயரைச் சொல்லிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். துப்பாக்கி சிக்கிக்கொண்டது என்று பிறகு விசாரணையில் சொன்னார். அதையும் நம்பினார்கள்.

"கத்தினாரும்மா" என்றாள் அம்மா. "கடைசி வரைக்கும் எங்கப்பா பேரச் சொல்லித்தான் கத்தினாரு."

அப்போது ஒரு மினி பஸ் வந்தது. நான் எழுந்து தார்ப்பாயின் ஓரத்தை மடித்தேன். டிரைவர் எங்களைத் தெரிந்தவர், "மொளச்சிருச்சா பாட்டி?" என்று கேட்டார். "மொளச்சிருச்சு தம்பி" என்று அம்மா சாதாரணமாகப் பதில் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு லாரியில் மூன்று சடலங்களைக் கொண்டுவந்து தோட்டத்து ஆபீசுக்கு எதிரில் கிடத்தினார்கள். அப்போதெல்லாம் அது வழக்கம். யார் பிள்ளை என்று ஜனங்களை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும், அதற்காக. தாத்தா காவல்காரர் என்பதால் முதலிலேயே பார்த்துவிட்டார். ஓடிவந்து பாட்டியை வீட்டுக்குள் தள்ளி வெளியே பூட்டினார். அம்மாவைப் பிடித்துக் குனிந்து சொன்னார்.

"அங்க அண்ணன் இருக்கான். நீ அழக் கூடாது. யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. சொல்லிடுவியா?"

"ம்" என்றாளாம். ஒன்பது வயது.

எல்லோரும் வரிசையாக நடந்து போனார்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்கும் ஒரு மலையாளி. ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார்கள். தாத்தா குனிந்து மூன்று முகத்தையும் நன்றாகப் பார்த்தார். "தெரியாது தொரை" என்றார். அம்மா வந்தாள். நடுவில் கிடந்தது அண்ணன். தாடி வளர்ந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை.

"தெரியாது."

அவளுக்கு அடுத்து கங்காணியின் மகள். மொழிபெயர்ப்பவர் அவளை மட்டும் அருகே இழுத்து வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "உன் அப்பாவைக் கொன்றவர்களில் யாராவது இதில் இருக்கிறார்களா? பயப்படாதே. நன்றாகப் பார்."

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அம்மாவுக்குத் தன் கால் ஈரமாவது தெரிந்தது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள்.

"இவங்க யாரையும் நான் பாத்ததே இல்ல" என்றாள் அந்தப் பெண்.

தோட்டத்தில் அந்த முகத்தைத் தெரியாதவர்கள் யாருமில்லை. அன்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. குழி வெட்டும் வேலை காவல்காரர்களுக்கு விழுந்தது. தாத்தாவும் இன்னும் இருவரும் வெட்டினார்கள். மூவரையும் ஒன்றாகப் போட்டு மூடினார்கள். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தபோது பாட்டி கதவோரத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். அதற்குப் பிறகு அவள் தாத்தாவோடு பேசவே இல்லை. கப்பல் ஏறுவதற்கு முந்தின வருடம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

"அந்தப் புள்ள என்ன ஆச்சு?"

"அன்னைலேருந்து எங்கிட்டப் பேசல. வேற லயத்து வீட்டுக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டாங்க." அம்மா நெல்லைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தாள். "ஆனா பாரு, எங்கள அன்னிக்கு உசுரோட விட்டது அவதான். அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீயும் இல்ல, நானும் இல்ல. அப்பன பறிகுடுத்த புள்ள. அவளுக்கு எங்க மேல எவ்வளவு பாசம் இருந்தா அப்படிச் சொல்லியிருப்பா? சாமி கும்புடறப்ப நான் ஒருநாளும் அவள விட்டதில்ல."

அதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. எழுபத்தைந்து வருடமாக அவள் கையில் பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான், நன்மை செய்வதாக நினைத்துக்கொண்டு, நான் அந்தப் பெண்ணைத் தேடத் தொடங்கினேன்.

இன்று யோசித்தால், தேடியிருக்கவே வேண்டாம்.

என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் மகள் மலேசியாவில் நர்ஸாக இருக்கிறாள். அவளிடம் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். ரப்பர் போய் இப்போது அங்கே எண்ணெய்ப்பனை. லயங்கள் இல்லை. கோயில் இருக்கிறது. தீமிதிக்குப் பழைய ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்து கூடுவார்கள். அங்கே போய் விசாரித்திருக்கிறாள். கங்காணியின் மகள் உயிரோடு இருந்தார். மகள் வீட்டில், நல்ல நினைவோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு வீடியோவில் பேசினார்கள். அம்மா தலைவாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் வெள்ளை முடியோடு ஒரு முகம் வந்தது. கொஞ்ச நேரம் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அம்மா தன் சின்ன வயதுச் செல்லப் பெயரைச் சொன்னாள்.

"தெரியுது. மூக்கு அப்படியே இருக்கு" என்றார் அவர்.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி என்று பேசினார்கள். அவருக்குச் சர்க்கரை. அம்மாவுக்கு இல்லை. இருவரும் சிரித்தார்கள். நான் எழுந்து காபி போடப் போகலாம் என்று நினைத்தபோது அம்மா ஆரம்பித்தாள்.

"நான் ஒனக்கு ஒண்ணு சொல்லணும். ஒன் காலத் தொட்டுச் சொல்ல வேண்டியது, எட்டாத எடத்துல இருக்க. அன்னிக்கு ஆபீசுக்கு முன்னால நீ சொன்ன ஒரு வார்த்தையிலதான் நாங்க பொழச்சோம். ஒனக்கு எங்க மேல இருந்த எரக்கத்த நான் மறக்கல."

அவர் திரும்பிப் பார்த்தார். மகளிடம் ஏதோ சொல்லி அவளை அறையை விட்டு அனுப்பினார்.

"எரக்கமா?" என்றார். "நீ அப்படியா நெனச்சுக்கிட்டிருந்த?"

அம்மா திரைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தாள்.

"பேரச் சொன்னா, ஒன் வீட்ல பொணத்தக் குடுத்துருவாங்கன்னு நெனச்சேன். ஒங்கம்மா மடியில போட்டு அழுவாங்க. எங்கப்பாவுக்கு அழுத மாரி ஊரே கூடி அழும். அது நடக்கக் கூடாதுன்னு நெனச்சேன். பேரில்லாம, நாய மாரி போகட்டும்னு. அதுக்குத்தான் தெரியாதுன்னேன்." மூச்சு வாங்கினார். "ஒன்பது வயசு. எங்கேருந்து வந்துச்சோ அந்தப் புத்தி. அன்னிக்கு ஒன் மொகத்தப் பாத்தேன். நீ அழாம நிக்கிற. நல்லா வேணும்னு இருந்துச்சு."

"வாசிச்சது அவந்தான்" என்றாள் அம்மா. குரல் எனக்கே கேட்கவில்லை.

"தெரியும். எங்கப்பா அவன் பேர மட்டும் போலீசுல குடுக்கல. அது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வாசிச்சான்?"

இரண்டு பேரும் திரையில் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். துண்டித்துவிடலாமா என்று நான் கையை நீட்டினேன், அம்மா தடுத்தாள். கடைசியில் அந்தப் பக்கமிருந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

"போய்ச் சாப்பிடு. நேரமாச்சு."

அன்று மாலை அம்மா சாமி விளக்கு ஏற்றவில்லை. நான் ஏற்றினேன். இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் காலையில், "கோர்ட்டுல போடணும்னு சொன்னியே, போடு" என்றாள்.

பட்டாவை மாற்ற மாமாவின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். அது இல்லையென்றால், ஏழு வருடத்துக்கு மேல் தகவலே இல்லாத ஆள் இறந்துவிட்டதாக சிவில் கோர்ட் அறிவிக்க வேண்டும். வக்கீல் எளிமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"பாட்டி, கஷ்டமே இல்ல. 'சிங்கப்பூர் போனாரு, அப்பறம் சேதியே இல்ல'ன்னு ஒரு வரி. அதுதான் ஒங்கப்பாவும் அப்ப சொன்னாருல்ல? பாடியப் பாத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்பறம் சர்டிபிகேட் எங்கேம்பாங்க."

அம்மா கேட்டுக்கொண்டாள். தலையாட்டினாள் என்றுதான் நான் நினைத்தேன்.

திருத்துறைப்பூண்டி கோர்ட்டில் எங்கள் வழக்கு கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு. நீதிபதி என் மகள் வயதுள்ள பெண். அம்மாவுக்குக் கூண்டுக்குள் நாற்காலி போடச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. வக்கீல் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர், வயது, உறவு. பிறகு அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, உங்கள் அண்ணனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்.

"செத்துக் கெடந்தப்பப் பாத்தேங்க."

எங்கள் வக்கீல் நிமிர்ந்தார். "பாட்டிக்குக் கேள்வி புரியலைங்க" என்றார்.

"புரிஞ்சுது" என்றாள் அம்மா. நீதிபதியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மா, ஆபீசுக்கு முன்னால போட்டு வெச்சிருந்தாங்க. யாருன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன். எங்கப்பாவும் சொன்னாரு. இப்ப இவங்களும் அப்படியே சொல்லச் சொல்றாங்க. இன்னொரு வாட்டி என்னால சொல்ல முடியாது. அவன் எங்கண்ணன். அவன் கொன்னவன்தான். இல்லேங்கல. அவங்கப்பா எங்களுக்கு நல்லது செஞ்சவரு, அவரக் கட்டிவெச்சு வாசிச்சவன்தான். ஆனா எங்கண்ணன்."

'அவங்கப்பா' யார் என்று அங்கே ஒருவருக்கும் புரிந்திருக்காது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பேரச் சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மா சொன்னாள். என் வாழ்நாளில் அம்மா வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அப்போதுதான். கதை சொன்ன அன்றுகூட 'எங்கண்ணன்' என்றுதான் சொன்னாள். இங்கே அதை எழுத எனக்குக் கை வரவில்லை, எழுதவில்லை.

டைப் செய்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். 'இறந்துபோன மேற்படி நபர் எனது உடன்பிறந்த மூத்த சகோதரர் ஆவார்.' இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லி அம்மா கேட்டாள். வாசித்தார்கள். கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் வக்கீல் என்னிடம் கோபப்பட்டார். நியாயமான கோபம்தான். இனி மலேசியாவிலிருந்து ஆவணம் வந்தால்தான் வழக்கு நகரும் என்றார். நான் எழுதிப் போட்டேன். அந்த நாட்டு ஆவணக் காப்பகத்திலிருந்து இரண்டு மாதத்தில் பொறுப்பாகப் பதில் வந்தது. நீங்கள் குறிப்பிடும் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. அந்தத் தோட்டத்தில், நீங்கள் சொல்லும் காலத்தில், மூன்று சடலங்கள் புதைக்கப்பட்டதற்குக் குறிப்பு இருக்கிறது. இரண்டு சீனர்கள், அடையாளம் தெரிந்தவர்கள். மூன்றாவது, இந்தியர், ஆண், அடையாளம் காணப்படவில்லை.

கடிதத்தை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "நாங்கதான் காணல" என்றாள். வழக்கு அங்கேயே நிற்கிறது.

தாத்தாவை நினைத்துப் பார்க்கிறேன். என் பதிமூன்றாவது வயதில் அவர் இறந்தார். எனக்குத் தெரிந்த தாத்தா அதிகம் பேசாதவர், யாராவது உரக்கக் கூப்பிட்டால் திடுக்கிட்டு எழுந்து நிற்பவர். ஊர் திரும்பி, கிரயம் முடிக்கப் போன இடத்தில், யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். தன் வாயால் இல்லையென்று சொன்ன பிள்ளையின் பெயரைச் சொல்லியிருக்கிறார். வயது கேட்டிருப்பார்கள். செத்து மூன்று வருடமாகியிருந்தது. பதினேழு என்றிருக்கிறார். அந்தச் சிநேகிதர் பெயரை அவர் எங்காவது எழுதிவைத்தாரா என்று பெட்டி முழுவதும் தேடினேன். இல்லை. அவருக்காக எங்கள் வீட்டில் யாரும் ஒரு பிடி சோறுகூட வைத்ததில்லை.

இந்த வருடம் ஐப்பசியில் மலேசியாவிலிருந்து செய்தி வந்தது. கங்காணியின் மகள் இறந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசவே இல்லை. அம்மா இரண்டொரு தடவை போனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நடவு நடந்துகொண்டிருந்தது. வயலிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். வரப்பில் நின்று கேட்டாள். நேரே வீட்டுக்கு நடந்துபோய், கொல்லையில் அடிகுழாயை அடித்து வாளியை நிரப்பி, கட்டின புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். பங்காளி செத்தால் முழுகுவது போல.

"நான் அடிக்கிறேன், விடும்மா" என்றேன்.

"அவ எனக்கு நல்லதுதான் செஞ்சா" என்றாள். "என்ன நெனச்சு செஞ்சாளோ. நான் பொழச்சேன், அவங்கப்பா பொழைக்கல."

இன்னொரு வாளி ஊற்றினாள். பிறகு அந்த ஈரத்திலேயே குழாயடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழத் தொடங்கினாள். அறுபது வருடத்தில் நான் கேட்டிராத அழுகை. அப்பா செத்தபோதுகூட அம்மா இப்படி அழவில்லை. "அண்ணே" என்று அழுதாள். இடையில் கங்காணி மாமாவைக் கூப்பிட்டாள், தன் தாயைக் கூப்பிட்டாள், அந்தப் பெண்ணைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நடவுக்கு வந்த பெண்கள் சத்தம் கேட்டுச் சேற்றுக் காலோடு ஓடிவந்தார்கள்.

"யாரு செத்தது ஆத்தா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அம்மா சொல்லக்கூடிய நிலையில் இல்லை. நான் சொன்னேன், சொந்தக்காரர்கள் என்று. அவர்கள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஈரத்தைப் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அவர்களும் அழுதார்கள்.